தரைக்கடியில் இருந்த மொழிபெயர்ப்பாளர்

2024ஆம் ஆண்டு அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணி முப்பத்தொரு நிமிடத்துக்கு நான் ஒரு பழைய வீட்டின் தரைக்கு அடியில் நுழைந்தேன். சரியாக ஒரு மணி நேரம் கழித்து நுழைந்திருக்க வேண்டும். அந்த அறுபது நிமிடத் தவறுக்கு நான் மட்டுமே பொறுப்பு. வேறு எவர் மீதும் பழி போட வழியில்லாதபடி, அந்தக் கணக்கை நானே போட்டு, நானே சரிபார்த்து, குடும்பத்தின் முன் எழுந்து நின்று நானே அறிவித்திருந்தேன்.

அந்நாட்களில் என்னைப் பற்றி எனக்கு மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. இலக்கிய முதுகலை மாணவி. அதிகம் பேசமாட்டேன்; பேசினால் அரைப்புள்ளிகளோடு பேசுவேன். (அம்மாவின் சொற்களில்: "வாயைத் திறந்தால் அரசாங்கக் கந்தோர்க் கடிதம் வாசிக்கிற மாதிரி இருக்கும்.") பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நாவல்களில் நிலத்தடி இடங்கள் என்பது என் ஆய்வேட்டின் பொருள். நிலவறைகளையும் சுரங்கங்களையும் பற்றி எண்பது பக்கங்கள் எழுதி முடித்திருந்தேன். நான் நேரில் அறிந்த ஒரே நிலத்தடி இடம் மெற்றோ என்னும் நகர ரயில். அதிலும் எங்கள் தமிழர் பகுதியான லா ஷப்பெல்லின் நிலையம் தூண்களுக்கு மேலே, ஆகாயத்தில் நிற்கிறது.

அந்த வீடு ரூ பஜோல் என்னும் தெருவிலிருந்து பிரியும் ஒரு முட்டுச்சந்தின் கோடியில் இருக்கிறது. கீழே இரண்டு அறை, மேலே ஒன்றரை அறை, பலகைத் தரை, நூறாண்டுக்கு மேல் வயது. சொந்தக்காரி மதாம் ரூவெல் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நாங்களோ இருபத்தொரு ஆண்டுகளாக ஒரு மளிகைக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில், இரண்டு அறைகளில் குடியிருந்தோம். நான் வரவேற்பறைச் சோபாவில் உறங்கி, சலவை இயந்திரத்தின் மேல் மடிக்கணினியை வைத்து எழுதினேன். இயந்திரம் சுழலும் வேளைகளில் என் வாதங்களும் ஆடின. புதிய வீட்டின் ஒன்றரை அறையில் அந்த அரை அறை எனக்கு என்று முடிவாகியிருந்தது. அதற்கு ஒரு கதவு இருந்தது. பூட்டக்கூடிய கதவு. என் இருபத்திரண்டு ஆண்டு வாழ்வில் நான் எதையும் அந்தக் கதவைப் போல விரும்பியதில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பத்திரம் பதியும் நொத்தாரிசிடம், வீட்டை வாங்கும் கையெழுத்து. வங்கி சம்மதித்துவிட்டது, மதாம் சம்மதித்துவிட்டார். சிவம் மாமா மட்டும் சம்மதிக்கவில்லை.

சிவம் மாமா எங்களுக்கு இரத்த உறவு அல்லர். விமான நிலையத்தில் பொதிகள் ஏற்றும் பகுதியில் வேலை. ஓய்வு வேளையில் லா ஷப்பெல் முழுமைக்கும் சமய ஆலோசகர். எங்கள் வீட்டுக்கு வந்து, தேநீரைக் கையில் வாங்கியபடியே கேட்டார்:

"அந்த வீட்டுக்கு அத்திவாரக் கல்லு வைச்சவங்களோ?"

"வெள்ளைக்காரன் கட்டின வீடு அண்ணை. ஆர் வைச்சிருப்பினம்?" என்றார் அப்பா.

"கல்லு வைக்காத வீட்டுக்கை எப்பிடிக் குடிபூருவியள்? கையெழுத்துக்கு முதல் கல்லு கீழை போயிடோணும். சொல்லிப்போட்டன்."

நூறாண்டாக நிற்கும் வீட்டுக்கு அடிக்கல் நாட்டும் இந்த யோசனையை அப்பாவும் அம்மாவும் எந்த முரணும் காணாமல் ஏற்றனர். யாழ்ப்பாணத்து ஐயரிடமிருந்து செப்டெம்பரிலேயே நேரம் வந்துவிட்டது: அக்டோபர் 27, காலை 8.42. (ஞாயிறு கல் வைக்க உகந்த நாளா என்று கேட்காதீர்கள். பிரான்சில் கிரகங்களும் வாரநாட்களில் வேலைக்குப் போகின்றன; எங்கள் சுபநேரங்கள் எல்லாம் ஞாயிறன்றுதான் அமையும்.)

இங்கேதான் என் அறிவு குறுக்கிட்டது. அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் ஐரோப்பா முழுவதும் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் பின்னால் திருப்பப்படும். ஐயர் செப்டெம்பரில் கணித்தார். அப்போது கோடைகால நேரம். ஆகவே அவருடைய 8.42 என்பது புதிய நேரப்படி 7.42. இதை ஒரு தாளில் வரைபடமாக வரைந்து விளக்கினேன். யாழ்ப்பாணத்து ஐயர் ஒருவருக்கு ஐரோப்பியக் குளிர்கால நேரம் எப்படித் தெரிந்திருக்கும் என்று, மெல்லிய அனுதாபத்தோடு, ஒரு வாக்கியமும் சேர்த்தேன்.

"அவரிட்டை ஒருக்கால் கேட்டால் என்ன?" என்றார் அம்மா.

"அம்மா, இது கணக்கு. நம்பிக்கை இல்லை."

கோவிலில் வைத்துப் பூசை செய்த செங்கல் ஒன்று மஞ்சள் துணியில் தயாராக இருந்தது. கூடவே நவதானியப் பொட்டலம், பொட்டளவு பொன், தாராளமான குங்குமம். கல்லைப் பற்றி மூச்சு விடாமல், அளவெடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, சனிக்கிழமை மாலை மதாமிடம் நானே சாவியை வாங்கியிருந்தேன். அவர் இரவைத் தங்கை வீட்டில் கழித்துவிட்டு ஞாயிறு மதியம்தான் வருவதாகச் சொன்னார். சொன்ன காரணத்துக்குச் சாட்சியாக அப்பா ஓர் அளவு நாடாவையும் கொண்டுவந்தார்.

சமையலறைத் தரையில், ரப்பர் விரிப்புக்கு அடியில், ஒரு சதுரப் பலகை மூடி. அதைத் திறந்தால் கீழே மண்ணுக்கும் பலகைக்கும் இடையில் ஒரு முழத்துக்குச் சற்றே கூடிய வெளி. பிரெஞ்சில் இதற்கு 'சுகாதார வெற்றிடம்' என்று பொருள்படும் பெயர் உண்டு. அதில் சுகாதாரமும் இல்லை, வெற்றிடமும் இல்லை. சிவம் மாமா அந்தத் துளையைப் பார்த்தார். தம் வயிற்றைப் பார்த்தார். அப்பாவின் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இது கன்னிப்பிள்ளையள்தான் செய்யிறது. அதுதான் முறை."

(அந்த முறைக்கு அப்போது வயது நான்கு விநாடி.)

செங்கல்லை முன்னால் தள்ளித் தள்ளி, முழங்கைகளால் ஊர்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் ஈசான மூலையைத் தேடிப் போனேன். குழாய்களின் நடுவே திசைகாட்டி நான்கு திசைகளையும் மாறி மாறி ஈசானம் என்றது. சந்துக்கு எதிர்ப்புறம், கோவில் இருக்கும் பக்கம் என்று உத்தேசமாக ஒரு மூலையை அடைந்தபோது மணி 7.40. தேக்கரண்டியால் மண்ணைத் தோண்டினேன். அந்த வேளையில், மேலே, அம்மாவின் சந்தேகம் பொறுக்கமாட்டாமல் சிவம் மாமா ஐயருக்கு அழைப்பு எடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டார்.

"ஐயா, இஞ்சை இப்ப ஏழு நாப்பது. வைக்கப் போறம்."

"எட்டு நாப்பத்திரண்டெல்லோ சொன்னனான்?"

"அது பழைய நேரம் எண்டு பிள்ளை கணக்குப் பார்த்தவ…"

"எந்தப் பிள்ளை? இண்டைக்கு அங்கை மணிக்கூடு மாறுற நாள் எண்டு எனக்குத் தெரியாதோ? இவ்வளவு காலமா லண்டனுக்கும் சுவிசுக்கும் நேரம் குறிச்சுக் குடுக்கிறன். மாத்தித்தான் தந்தனான். வையுங்கோ போனை, நான் இன்னும் சாப்பிடேல்லை."

பலகைகளுக்கு மேலே அழைப்பு துண்டிக்கப்படும் ஓசை. பிறகு அம்மாவின் குரல், தீர்ப்பைப் போல: "படிச்ச பிள்ளை."

வெளியே வந்து காத்திருக்கலாமா என்று கேட்டேன். கல்லோடு உள்ளே போனவர் கல்லை வைத்த பிறகே வெளியேறலாம் என்றார் சிவம் மாமா. இதுவும் அவர் அப்போதே பிரசவித்த விதி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கணக்கில் தோற்றவளுக்கு மறுத்துப் பேச என்ன அருகதை? கிடந்தேன்.

என் ஆய்வேட்டில் இத்தகைய இடங்களை 'நினைவின் கருவறை' என்று வர்ணித்திருந்தேன். அங்கே நான் கண்டவை: குளிர்ந்த மண், எலிப்புழுக்கை, ஒரு திராட்சைமதுத் தக்கை, காரணம் தெரியாத ஒற்றைக் கையுறை. நினைவு எதுவும் வரவில்லை, தும்மல்தான் வந்தது. முதல் பத்து நிமிடத்தில் மூன்றாம் அத்தியாயத்தைக் கைவிட்டேன். இருபதாவது நிமிடத்தில் ஏதோ ஒன்று என் கணுக்காலைக் கடந்து சென்றது. முன்னுரையையும் கைவிட்டேன்.

எட்டு இருபத்தைந்துக்கு வாசற் கதவு திறந்தது.

"மதாம்!" என்று அப்பா கூவினார். அந்தக் கூவலில் வரவேற்பைவிட எச்சரிக்கையே அதிகம். யாரோ மூடியைப் போட்டார்கள், விரிப்பு சரசரத்தது, அதன் மேல் சிவம் மாமாவின் எடை முழுவதும் இறங்கியது. கைப்பேசியை அணைத்தேன். இருள்.

"சீக்கிரம் வந்துவிட்டேன், மன்னியுங்கள்," என்றார் மதாம். "அளவெடுத்தீர்களா?"

"வீ, வீ," என்றார் அப்பா, ஆம், ஆம் என்று. மேசையில் தேங்காய், வெற்றிலை, வாழைப்பழம், கற்பூரம். அவற்றின் மேல் அளவு நாடாவை வைத்திருந்தாராம். (இதைப் பின்னர் அறிந்தேன். அறிந்தபோது மறுபடியும் தரைக்கடியில் போக விரும்பினேன்.)

"மதுமசெல் எங்கே?" என்னைத்தான் கேட்டார்.

"வீ," என்றார் அப்பா.

கோப்பைகள் எடுக்கும் ஓசை, கோப்பி வாசனை, நாற்காலிகள் இழுபடும் ஓசை. பிறகு மதாம் பேசத் தொடங்கினார். அவருடைய வாக்கியங்கள் எனக்குப் பிடித்தவை: நீளமானவை, மரியாதையானவை, செய்தியைச் சந்துக் கோடியில் ஒளித்துவைப்பவை. நேற்றிரவு தங்கை வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததாம். சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுவதற்கென வீடு தேடும் ஒரு கனவான். வங்கிக் கடன் இல்லாமலே வாங்கக்கூடியவர். தமக்கு விருப்பமில்லை, ஆனால் தங்கை வற்புறுத்துகிறார். ஆகவே, நாளைய கையெழுத்திலிருந்து என்னை விடுவித்து, யோசிக்கச் சில வாரங்கள் தர உங்களுக்கு மனம் இருக்குமா? நீங்கள் மறுத்தால் அதை முழுமையாகப் புரிந்துகொள்வேன், சொன்னபடி நாளை வந்துவிடுவேன்.

நான் செங்கல்லை இறுக அணைத்தேன்.

"வீ, வீ, மதாம்," என்றார் அப்பா, மலர்ந்த குரலில். "பா த ப்ரொப்ளேம்." ஓம், ஓம், ஒரு பிரச்சினையும் இல்லை.

"த்ரே பியான்," என்றார் சிவம் மாமா. மிக நல்லது.

அம்மா புன்னகைத்திருப்பார்.

அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியாது என்பதல்ல. உணவகச் சமையலறையில் எவரோடும் சண்டை பிடிக்குமளவு தெரியும். நீளமாகவும் மரியாதையாகவும் பேசப்படும் பிரெஞ்சுக்கு மட்டும் அவரிடம் ஒரே விடை இருந்தது. அதை அவருக்குக் கற்பித்தவள் நான். பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் எல்லாக் கடிதங்களையும் நான்தான் வாசித்தேன். இரண்டு பக்கங்களை வாசித்துவிட்டு, கண்ணை உயர்த்தாமல், "ஒண்டுமில்லை அப்பா, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ" என்பேன். பிரெஞ்சுக்காரர் நீளமாகப் பேசுவார்கள், முடிவில் ஓம் என்றால் போதும் என்று அவர் புரிந்துகொண்டதில் வியப்பில்லை. அவருடைய மொழிபெயர்ப்பாளரோ, தேவைப்பட்ட ஒரே நாளில், மொழிபெயர்க்க வேண்டிய இடத்துக்கு ஒரு முழம் கீழே, செங்கல் ஒன்றை அணைத்தபடி படுத்திருந்தார்.

"உங்கள் பெருந்தன்மைக்கு நன்றி," என்றார் மதாம். நாற்காலி பின்னால் நகர்ந்தது. என் கதவு நகர்ந்து போகும் ஓசையாகவே அது எனக்குக் கேட்டது.

"மதாம்!" என்றேன்.

சொல்லியபடியே நிமிர்ந்ததில் தலை உத்தரத்தில் மோதியது. ஆயினும் நிறுத்தவில்லை. என் தந்தையின் விடையை அவருடைய உண்மையான விருப்பமாகக் கொள்ள வேண்டாம் என்றும், அவர் வினாவை முழுமையாகப் புரிந்துகொள்ளும் வாய்ப்பைப் பெறவில்லை என்றும், இடையூறுக்கு வருந்துகிறேன் என்றும், பிழையற்ற பிரெஞ்சில், தரைப் பலகைகளின் ஊடாகத் தெரிவித்தேன்.

மேலே ஒரு கோப்பை உடைந்தது.

"ஐயோ, வாயைத் திறந்திட்டாள்!" என்றார் அம்மா. "ஆக்கள் வந்தால் ஒரு வார்த்தை கதையடி, கதையடி எண்டு தலை தலையா அடிச்சனான். அப்பவெல்லாம் கதைக்கேல்லை. இப்ப பாருங்கோ!"

"யார் அது? எங்கே இருக்கிறார்?" மதாமின் காலடிகள் அறை முழுவதும் தேடின.

"தர்ஷி," என்றார் அப்பா. வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல், அறிமுகப்படுத்துவதைப் போல.

அந்தக் கணத்தில் சிவம் மாமா தம் கைக்கடிகாரத்தைப் பார்த்திருக்க வேண்டும். "எட்டு நாப்பத்திரண்டு! பிள்ளை, கதைக்காதை, வை! வை!" என்று விரிப்பின் மேல் நின்றபடியே குதித்தார். நூறாண்டுத் தூசி என் முகத்தில் கொட்டியது. மூக்கில் தூசியும் வாயில் பிரெஞ்சுமாக, நான் செங்கல்லைக் குழியில் இறக்கி, பொட்டலத்தை வைத்து, மண்ணைத் தள்ளி மூடினேன். ஐயரின் நேரத்தில் ஒரு நிமிடமும் பிசகவில்லை. அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

திரும்பி வரும் வழியில் ஜாக்கெட்டின் தொப்பி ஓர் ஆணியில் மாட்டிக்கொண்டது. முன்னேயும் போக இயலவில்லை, பின்னேயும் போக இயலவில்லை. மூடி திறந்தது. வெளிச்சச் சதுரத்தில் மதாமின் முகம் தலைகீழாகத் தோன்றியது, மூக்குக் கண்ணாடி நெற்றிக்கு வழுக்கியபடி.

"மதுமசெல், அது குழாய் வேலைக்காரர்கள் எல்லாரும் மாட்டும் ஆணி. மூச்சை வெளியே விடுங்கள். இடது தோள் முதலில். இடது. அது வலது."

ஆசிரியைக்குக் கீழ்ப்படிந்தேன். வெளியே வந்து நின்றபோது மதாம் அலறினார். என் நெற்றி, மூக்கு, கன்னம் எங்கும் சிவப்பு. அம்மா தம் விரலால் என் கன்னத்தைத் துடைத்து, அந்த விரலைத் தம் நெற்றியில் வைத்துக் காட்டிய பிறகே அது இரத்தமல்ல, குங்குமம் என்று அவர் நம்பினார். சிவம் மாமா மரியாதை கருதி யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

"இப்போது சொல்லுங்கள்," என்றார் மதாம். "என் வீட்டுக்கு அடியில் என்ன செய்தீர்கள்?"

நான் பொய் சொன்னேன். பழைய கட்டடங்களில் ஈரக்கசிவு என்னும் பிரச்சினை பற்றி, நான்கு வாக்கியங்களில், முன்னுரையும் முடிவுரையும் கொண்ட ஒரு பொய்.

"ஈரத்தைப் பார்க்கத் தேங்காய் எதற்கு?" என்று கேட்டார் மதாம்.

என்னிடம் ஐந்தாவது வாக்கியம் இருக்கவில்லை. அப்போது, இருபத்தொரு ஆண்டுகளில் நான் பிரெஞ்சு பேசிக் கேட்டறியாத அம்மா, தரையைச் சுட்டி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்: "பிறீக். தெசு. தியு. மெசோன், கொந்தான்." செங்கல். கீழே. கடவுள். வீட்டுக்கு, சந்தோஷம்.

மதாம் அம்மாவின் விரல் சுட்டிய பலகையைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பி, தம் கேள்வியை ஒரு சொல்லும் விடாமல் பெற்றோரிடம் கேட்கும்படி சொன்னார். கேட்டேன்: அந்த மற்றக் கனவானுக்கு வீட்டை விற்றுவிட்டால், நீங்கள் வைத்த செங்கல்லை என்ன செய்வீர்கள்?

அப்பாவின் முகம் மாறியது. மற்றக் கனவான் ஒருவர் இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. உடைந்த கோப்பையின் துண்டுகளை மேசை விளிம்பில் ஒதுக்கினார்.

"என்ன செய்யிறது? அது அங்கையே கிடக்கட்டும். வீட்டுக்கு வைச்சது பிள்ளை. எங்களுக்கு வைச்சதில்லை எண்டு சொல்லு."

அப்படியே சொன்னேன். எதையும் செம்மைப்படுத்தவில்லை. ஐயர், கடிகாரம், என் கணக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். மதாம் கடிகாரப் பகுதியில் மட்டும் சிரித்தார். கைப்பையை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பினார்.

"நாளை பத்து மணிக்கு," என்றார். "புதிய நேரப்படி."

இன்று நாங்கள் அந்த வீட்டில்தான் இருக்கிறோம். சிவம் மாமா இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்கிறார். அவருடைய பதிப்பில் மதாம் மயங்கி விழுகிறார், நான் தரைக்கடியிலிருந்து சமஸ்கிருதம் பேசுகிறேன். அம்மாவோ, தபாலில் கடிதம் வரும் நாட்களில், நான் மேல்மாடியில் இருப்பது நன்கு தெரிந்தும், சமையலறைத் தரையைக் குதிக்காலால் மூன்று முறை தட்டுவார்: "பிள்ளை, கீழை நிக்கிறியோ? ஒருக்கால் மேலை வா, கடிதம் வந்திருக்கு."

கல் வைத்த மறுநாள் காலை, நெற்றியில் வீக்கத்தோடு, நொத்தாரிசின் அலுவலகத்தில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே அமர்ந்தேன். நொத்தாரிசு வேகமாக வாசிக்கத் தொடங்கினார். முதல் வாக்கியம் முடிந்ததும் அவரை நிறுத்தச் சொல்லி, அதை முழுமையாகத் தமிழில் சொன்னேன். இரண்டாவது வாக்கியத்தையும் சொன்னேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மதாம் கைகளைக் கட்டிக்கொண்டு, வகுப்பில் இருப்பவரைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். பதினோராம் பக்கத்தில் அப்பா தொண்டையைச் செருமினார்.

"பிள்ளை, வீட்டுக்குக் கீழை இருக்கிற நிலம்? அதுவும் எங்கடைதானோ? ஒருக்கால் கேள்."

கேட்டேன். நொத்தாரிசு, தம் வாழ்நாளில் எவரும் கேளாத கேள்வி என்பதைப் போல நிமிர்ந்து, கீழே உள்ளது முழுவதும் உங்களுடையதுதான், எவ்வளவு ஆழம் போனாலும், என்றார். நான் அதையும் ஒரு சொல் விடாமல் சொன்னேன். அப்பா பேனாவைக் கேட்டார்.

"பொறுங்கோ அப்பா," என்றேன். "இன்னும் எட்டுப் பக்கம் இருக்கு."